மணல்மடுவில் வெற்றிலைத் தட்டு

வெள்ளிமலையில் நாராயணசாமி கடைக்கு அன்று காலையில் டீ குடிக்க வந்தவர்களெல்லாம் டீயைவிட அமிர்தத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். கடைக்காரர் பெண்டாட்டி அரக்குப் பட்டுப்புடவை கட்டி, இருக்கிற நகையெல்லாம் மாட்டிக்கொண்டு, பொரிகடலை மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ரோட்டையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். நேற்றும் இதே புடவை, இதே முக்காலி. இராத்திரி மட்டும் அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, விடிந்ததும் மறுபடி சுற்றிக்கொண்டாள். மலையில் தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்ததால் பட்டு நமுத்துப்போன அப்பளமாகத் தொங்கியது.

அவள் காத்திருந்தது ஒரு வெற்றிலை பாக்குத் தட்டுக்காக.

மறுநாள் விடியற்காலையில் அடிவாரத்து மணக்காட்டில் அவள் தம்பி இளஞ்செழியனுக்குக் கல்யாணம். அம்மா செத்தபோது அவன் பால்குடி மறக்காத பிள்ளை. அமிர்தம் பாவாடை கட்டிய வயதிலேயே அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். தான் கல்யாணமாகி மலையேறிய அன்றுதான் இறக்கிவிட்டாள். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற முடிச்சுகளை அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். அந்த நாத்தனாரை மாப்பிள்ளை வீட்டார் வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள், ரவிக்கைத் துணி வைத்து அழைத்துப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். மற்ற நாத்தனார்கள் தட்டு வந்தாலும் வராவிட்டாலும் முதல் பந்திக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்கள். அமிர்தம் போக மாட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு ராஜாம்பாள் என்று பெயர்.

ராஜாம்பாள் பெரியப்பா மகள். இருவரும் ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ராஜாம்பாளின் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தபோது, நம் வீடுதானே என்று அமிர்தம் தட்டு வராமலே போய் நின்றாள். பந்தலில் ஊரே கூடியிருக்க, "இன்னாடி, யாரு வந்து கூப்பிட்டாங்க உன்னை?" என்று ராஜாம்பாள் கேட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பந்தலே சிரித்தது. அமிர்தம் ஒரு வாய் சோறு தின்னாமல் அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டாள். இனி மணக்காட்டில் எந்தக் கல்யாணமானாலும் தட்டு வராமல் காலடி வைப்பதில்லை என்று அன்று எடுத்த சபதத்தைத்தான் இப்போது முக்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைக்கூட முன்னதாகவே மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவர்களோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஏங்க, அந்த வளைவுல வர்றது இன்னாங்க? வேனா?"

நாராயணசாமி டீ ஆற்றுவதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தார். "எருமை" என்றார்.

எருமைக்குப் பின்னால் ஒரு ஆள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு நடந்து வந்தான். அடிவாரத்திலிருந்து நேற்று இராத்திரியே மேலே வந்து வெள்ளிமலையில் படுத்திருக்க வேண்டிய பஸ்ஸின் கண்டக்டர். பஸ்ஸைக் காணோம், கண்டக்டர் மட்டும் வந்தான்.

"டீ போடுங்கண்ணே, ஜாஸ்தியா சர்க்கரை போட்டு. நேத்துலேர்ந்து நடந்து நடந்து கால் வுட்டுப் போச்சு. பஸ்ஸு வராது. அடிவாரத்துல புளியமரத்தை ரோட்டுக்குக் குறுக்க சாய்ச்சுட்டானுங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா."

"மறியலு நாளன்னிக்குதானே?" என்றார் நாராயணசாமி. இட ஒதுக்கீடு கேட்டு நடக்கவிருந்த மறியலைப் பற்றித்தான் அந்த எண்பத்தேழாம் வருஷத்து ஆவணியில் உளுந்தூர்பேட்டையிலிருந்து மலை உச்சி வரைக்கும் பேச்சு. எந்தத் தேதி, எத்தனை நாள் என்பதெல்லாம் டீக்கடைக்கு வருகிறவர்களுக்கு மனப்பாடம்.

"நாளன்னிக்குதான். எந்த அவசரக்காரப் பசங்களோ இப்பவே ஆரம்பிச்சுட்டானுங்க. ஒரு வேன்காரன் மரத்துக்கு அந்தாண்ட நின்னு ஹாரன் அடிச்சுக்கினே இருந்தான், பாவம். அப்பறம் திருப்பிக்கினு போய்ட்டான்."

அமிர்தம் முக்காலியை விட்டு எழுந்தாள். அது தட்டோடு தன்னை அழைக்க வந்த வேன் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆவணியில் அதுதான் கடைசி முகூர்த்தம், விட்டால் புரட்டாசி. பெண் வீட்டார் இதற்குள் மணக்காட்டுக்கு வந்து இறங்கியிருப்பார்கள். நாத்தனார் வரவில்லை என்றால் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்தி முடிச்சுப் போடச் சொல்வார்கள். பங்காளி வீட்டுப் பெண் என்றால் ராஜாம்பாள்தான். அவள் காமாட்சி விளக்கோடு தன் இடத்தில் நிற்பதை நினைக்கவே அமிர்தத்துக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, தாலி கட்டும்போது தம்பி திரும்பிப் பார்த்துத் தன்னைத் தேடுவானே என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நடந்து போலாமாங்க?"

"ரோட்டைச் சுத்திக்கினு நடந்தா நாளைக்குச் சாயங்காலம் போய்ச் சேரலாம். பந்தலைப் பிரிச்சுக்கினு இருப்பாங்க."

அப்போதுதான் உப்பு வாங்க வந்து நின்ற இருசம்மாள் வாயைத் திறந்தாள். மலைக்காரி, தேனும் கடுக்காயும் கட்டிக்கொண்டு அடிக்கடி அடிவாரத்துச் சந்தைக்கு இறங்குகிறவள். அமிர்தத்தின் வயசுதான் இருக்கும்.

"ரோடு எதுக்கு யக்கா? மணல்மடுவு வழியா எறங்குனா பொழுதுக்குள்ள போய்டலாம். நான் கூட்டிக்கினு போறேன். கல்யாணச் சோறு தின்னு எனக்கும் நாளாச்சு."

மணல்மடு என்றதும் கடையில் இருந்தவர்கள் டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அது அருவிக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக இறங்கும் பாறைச்சரிவு. அடியில் ஆறு வளைந்து ஒரு மடுவாகத் தேங்கும். அதன் கரையில் கொஞ்சம் மணல். மூன்று பக்கமும் பாறை. கீழே இருந்து ஆற்றோடு ஏறி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் மேலே இருந்து இப்படி இறங்கினால் உண்டு. அமிர்தமோ பஸ்ஸில் போகும்போதே கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு புருஷன் தொடையைக் கிள்ளுகிறவள். நாராயணசாமிக்கு இடது தொடையில் அதற்கென்றே ஒரு தழும்பு.

"அப்ப தட்டு?" என்றார் அவர், சிரிக்காமல்.

அமிர்தம் புடவைக் கொசுவத்தை இழுத்து முழங்காலுக்கு மேலே செருகினாள்.

"தட்டு கெடக்குதுங்க. அவன் எனக்குத் தம்பி இல்லீங்க, புள்ள."

நாராயணசாமி கடையைச் சாத்தினார். வெறுங்கையோடு போனால் மரியாதையா என்று சொல்லி ஒரு மலைவாழைத் தாரை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். மற்றொரு கையில் குடை. இருசம்மாள் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கையும் மிளகாய்ச் சட்னியையும் இலையில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சாமைக்கொல்லை தாண்டி மொட்டைப்பாறை வரைக்கும் எல்லாம் சௌகரியமாகத்தான் இருந்தது. அங்கே வந்து நின்றதும் தரை முடிந்துபோயிற்று. அருவியின் இரைச்சல் பக்கவாட்டிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்த அமிர்தத்துக்கு மரங்களின் உச்சந்தலைதான் தெரிந்தது. அதற்கும் கீழே, நகத்தை வெட்டிப் போட்ட அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு மணல்.

"அதான் மணல்மடுவு" என்றாள் இருசம்மாள்.

"அதா? அவ்ளோ தூரத்துலயா? நான் வரல. அந்த ராஜாம்பாளே முடிச்சு போட்டுக்கட்டும்" என்று சொல்லி அமிர்தம் பாறையில் குந்திவிட்டாள். சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பெயரே அவளை எழுப்பிவிட்டது. குந்தியபடியே முதல் காலைக் கீழே நீட்டினாள்.

"கீழ பாக்காத யக்கா. என் காலைப் பாத்துக்கினு வா. நான் எங்க வெக்கிறனோ அங்க வெய்யி."

ஈரப்பாறை. இடுக்கில் முளைத்த கோரை பிடித்தால் கையோடு வந்தது. இச்சிமரத்து வேர்தான் துணை. பாறையைக் கவ்விக்கொண்டு கயிறு கயிறாக இறங்கியிருந்தது. அமிர்தம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்புறம் அசைய மறுத்தாள். மேலே குடையோடும் தாரோடும் நின்ற நாராயணசாமி ஏதோ தைரியம் சொன்னார். அது அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் உபயோகமில்லை.

"யக்கா, நாளைக்கு இன்னா சமையலு?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"இப்பக் கேக்கற கேள்வியாடி இது?"

"சொல்லேன். தெரிஞ்சாதானே வவுத்தைக் காய போட முடியும்."

"சோறு, சாம்பாரு..." அமிர்தத்தின் வலது கால் தானாக ஒரு படி இறங்கியது. "கத்திரிக்கா போட்ட சாம்பாரு. உருளைக்கெழங்கு வறுவல்."

"அப்பறம்?"

"பூசணிக்கா கூட்டு. வடை."

"மசால் வடையா, உளுந்து வடையா?"

"கல்யாணத்துல எவடி மசால் வடை போடுவா? உளுந்து வடைதான். ரசம். வத்தக்குழம்பு வெக்கணும்னு சமையல்காரர்கிட்ட அப்பவே சொல்லச் சொன்னேன், வெச்சானுங்களோ இல்லியோ..."

வத்தக்குழம்பு வரும்போது பாதிச் சரிவு வந்திருந்தது. பாயாசத்தில் ஜவ்வரிசியா சேமியாவா என்று சண்டை பிடிக்கும்போது, அமிர்தம் வேரை விட்டு வேர் மாற்றிப் பிடிக்கப் பழகிவிட்டாள். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு வேறு வேலையும் பார்க்க முடியும் என்று தெரிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து நாராயணசாமிக்குக் கால் வழுக்கியது. குடையை விடுவதா தாரை விடுவதா என்று ஒரு நொடி யோசித்து அவர் தாரை விட்டார். அது அமிர்தத்தின் காதோரமாக உரசிக்கொண்டு, பாறைக்குப் பாறை மோதிக் கீழே உருண்டது.

"ஐயோ அம்மா! எவன்டா அவன், மலை மேலேர்ந்து வாழத்தாரு போடறது!"

சத்தம் கீழே இருந்து வந்தது. அமிர்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலை எந்தச் சந்தை இரைச்சலிலும் அவளால் கண்டுபிடிக்க முடியும்.

தாரைத் தேடி இருசம்மாள் ஆட்டுக்குட்டி போல வேறு பக்கம் தாவி மணலுக்கே போய்விட்டாள். அமிர்தம் மெல்ல எட்டிப் பார்த்தாள். மணலுக்கு மேலே ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்த ஒரு பாறைத் திட்டில், முதுகைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, ராஜாம்பாள் நின்றிருந்தாள். முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தது ஒரு பித்தளைத் தட்டு.

"இங்க இன்னாடி பண்றே?"

"தெரியலியா? நின்னுக்கினு இருக்கேன்."

"அது தெரியுது. எதுக்கு நின்னுக்கினு இருக்கே?"

"உன்னைக் கூப்பிட வந்தேன். இந்த எடம் வரைக்கும் ஏறிட்டேன். இதுக்கு மேல ஏறவும் தெரியல, எறங்கவும் தெரியல. சூரியன் உச்சிக்கு வந்ததுலேர்ந்து இப்படியே நிக்கிறேன்." ராஜாம்பாளுக்கு மூச்சு வாங்கியது. "வேன்ல போனவனுங்க மரத்தைப் பாத்துட்டு திரும்பி வந்துட்டானுங்க. உன் தம்பிக்கு காப்பு கட்டியாச்சு, ஊரு எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் சோறு தண்ணி இல்லாம குந்திக்கினு இருக்கான். தட்டு போவாம நீ எறங்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்குப் பந்தல்ல வாயை வுட்டவ நானு. அப்ப நான்தானே எடுத்தாரணும்?"

இத்தனை வருஷமாக அமிர்தம் மனசுக்குள் ராஜாம்பாளிடம் பேசிப் பேசி வைத்திருந்த சூடான பேச்செல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தட்டு இல்லாமல் தானும் இறங்கி வந்துவிட்டதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவள் ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு பாறைத் திட்டில் இறங்கினாள். மறு கையை நீட்டி ராஜாம்பாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கீழ பாக்காதடி. என் காலைப் பாரு. நான் எங்க வெக்கிறனோ அங்க வெய்யி."

"உனக்கு எப்படி தெரியும்? நீ பஸ்ஸுலயே கண்ணை மூடிக்கினு வர்றவ!"

"பேசாம வாடி. நாளைக்கு இன்னா சமையலு?"

"இப்பக் கேக்கற கேள்வியாடி இது?"

"சொல்லு. வத்தக்குழம்பு உண்டா இல்லியா?"

"உண்டு. நீ சொன்னேன்னு தம்பிதான் வெக்கச் சொன்னான். சுண்டைக்கா நான்தான்..."

சுண்டைக்காய் என்ன ஆயிற்று என்பது தெரிவதற்குள் ராஜாம்பாளின் கால் நழுவியது. மொத்தப் பாரமும் அமிர்தத்தின் கையில். அவள் வேரை விடவில்லை. வேர்தான் உள்ளங்கை வழியாகச் சரசரவென்று உருவிக்கொண்டு போயிற்று. தோல் எரிந்தது. அவள் மறு கையையும் விடவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராக மணலில் போய் விழுந்தார்கள். தட்டு தனியாக உருண்டு போய் மடுவின் ஓரத்தில் சுழன்று சுழன்று அடங்கியது.

முதலில் ராஜாம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். அமிர்தமும் வயிறு வலிக்கும்வரை சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் மறுபடி சிரித்தாள்.

அப்போதுதான் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மாவு மாதிரி வெள்ளை மணல், இவர்கள் கால் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை. பாறைக்குப் பாறை தண்ணீர் தாவி வந்து மடுவில் அடங்கி நின்றது. சின்ன வயதில் ஒரு தரம் கடலூர் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். அங்கே கூட்டமும் சுண்டலும் இரைச்சலும்தான் ஞாபகம். இங்கே அப்படி ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் இதற்கு நேர் மேலே குடியிருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

நாராயணசாமி குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார். வேட்டியின் பின்புறம் இருந்த கதியைப் பார்த்து இருசம்மாள் தன் துண்டைக் கொடுத்தாள்.

"எழுந்திரு" என்றாள் ராஜாம்பாள். "ஒழுங்கா நில்லு. கெழக்கப் பாத்து."

தட்டில் வெற்றிலை கிழிந்து போயிருந்தது. பூ நசுங்கியிருந்தது. மஞ்சள் கிழங்கைக் காணோம். ராஜாம்பாள் உருண்டு வந்த தாரிலிருந்து அடிபடாத பழங்களாகப் பிய்த்து வைத்து, ரவிக்கைத் துணியை உதறி மடித்து வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நாளைக்கு விடியக்காலம் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனாரா வந்து முடிச்சு போட்டுக் குடுக்கணும். மாமா, நீங்களும் வந்து நடத்திக் குடுக்கணும்."

தோல் உரிந்த கையால் அமிர்தம் தட்டை வாங்கினாள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. "சரி, யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

மணலிலேயே குந்திக் கிழங்கைத் தின்றார்கள். சட்னி காரத்துக்கு மடுத்தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தார்கள். ஆற்றோரமாக ஊருக்கு நடக்கும்போது நாராயணசாமி, "மறியலுக்கு முன்னாடியே மரத்தை எவன் சாய்ச்சானோ, அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்" என்றார்.

ராஜாம்பாள் நின்றுவிட்டாள். "உங்களுக்குத் தெரியாதா மாமா? மாப்ளைத் தோழனுங்கதான்! கல்யாணத்தன்னிக்குப் பந்தி பரிமாறணும், மறுநாளு அலுப்பா இருக்கும், வேலைய முன்கூட்டியே முடிச்சுட்டா நிம்மதின்னு முந்தாநாளே கோடாலியை எடுத்துக்கினு போய்ட்டானுங்க. வேன் திரும்பி வந்தப்பதான் அவனுங்களுக்கு விஷயமே ஒறைச்சுது. இப்ப மாப்ள மொகத்துல முழிக்க பயந்துக்கினு அடுப்பங்கரையில வெங்காயம் உரிச்சுக்கினு இருக்கானுங்க."

நாராயணசாமி சிரித்த சிரிப்பில் குடை கையிலிருந்து விழுந்தது.

மணக்காட்டுக்குள் நுழைந்தபோது தம்பி ஊர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், காப்புக் கட்டிய கையோடு நின்றிருந்தான். ஒரு அடி தாண்டவில்லை. அக்காவின் கோலத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டியாக்கா?" என்று மட்டும் கேட்டான். சோறு தின்னாமல் இருந்தவன் கேட்கிற கேள்வியைப் பார் என்று அமிர்தம் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

விடியற்காலையில் கெட்டிமேளம் கொட்டியது. மணப்பெண் விஜயலட்சுமி தலை குனிந்திருக்க, இளஞ்செழியன் முதல் முடிச்சைப் போட்டான். திரும்பிப் பார்த்தான். அக்கா நின்றிருந்தாள். பின்னால் ராஜாம்பாள் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அமிர்தம் மஞ்சள் கயிற்றை எடுத்தாள். இரவு முழுக்கத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டும் விரல்கள் வீங்கியிருந்தன. எப்படியோ பல்லைக் கடித்து அடுத்த முடிச்சைப் போட்டுவிட்டாள். கடைசி முடிச்சுக்கு விரல் மடங்க மாட்டேன் என்றது. கயிறு நழுவியது. மேளக்காரர் வாசித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். அட்சதையைக் கையில் வைத்திருந்த கூட்டம் போடுவதா வேண்டாமா என்று முழித்தது. அவ்வளவு பெரிய பாறையை இறங்கி வந்து, இந்த ஒரு சாண் கயிற்றில் தோற்றுப்போகப் போகிறோமா என்று அமிர்தம் நினைத்தாள்.

"நீ போடுடி" என்றாள் மெதுவாக.

ராஜாம்பாள் விளக்கைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்தாள். ஆனால் கயிற்றை வாங்கிக்கொள்ளவில்லை. அமிர்தத்தின் கைகளுக்கு மேலே தன் கைகளை வைத்தாள்.

"நீ புடி. நான் இழுக்கறேன்."

முடிச்சு விழுந்தது. அட்சதை இருவர் தலையிலும் சேர்த்துத்தான் விழுந்தது.

மறியல் முடிந்து ரோடு திறக்கும்வரை அமிர்தம் மணக்காட்டிலேயே இருந்தாள். இருசம்மாள் கல்யாணச் சோறு தின்ற தெம்பில், கட்டிக்கொடுத்த வடையோடு கல்யாணத்தன்று மாலையே வந்த வழியில் ஏறிப் போய்விட்டாள். மலைக்குக் கிளம்புகிற அன்று ராஜாம்பாள் பஸ் ஏற்றிவிட வந்தாள்.

"தையில என் பொண்ணுக்குக் கல்யாணம் வெக்கலாம்னு இருக்கேன். இன்னாடி, அதுக்கும் தட்டு எடுத்துக்கினு வரணுமா?"

"வராம? தட்டு இல்லாம நான் வருவேனா?" என்றாள் அமிர்தம். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினாள். "ஆனா நீ மலைக்கு வராத. நீ ஏறுன லட்சணத்தை நான் பாத்துட்டேன். பேசாம மணல்மடுவுல வந்து நில்லு. நான் எறங்கி வரேன்."